கடைசி மருந்து நாளும் புதிர்ச் சோறும்

1

போன சனிக்கிழமை என் மகள் ஷாமினி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாண் கேட்டாள். கோப்பையில் இருந்தது ஊர்ச் சிவப்பரிசிச் சோறு. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோகிற கப்பலொன்றில் வேலை செய்கிற என் கணவரின் சிநேகிதர், பாலையூற்றில் இருக்கிற என் தம்பியிடம் வாங்கி, கடல் கடந்து சுமந்து வந்து றொட்டர்டாமில் எங்கள் கையில் தந்த அரிசி அது. நல்ல நாள் பெருநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். நாங்கள் ஒல்லாந்துக்கு வந்து ஆறு வருடம் முடிந்த நாள் என்று அன்றைக்குத்தான் எடுத்துச் சமைத்தேன்.

"ஏன் பிள்ளை, கறி உறைப்போ?" என்று கேட்டேன்.

உறைப்பில்லையாம். பள்ளிக்கூடத்தில் படம் காட்டினார்களாம். எங்கள் பக்கத்து நாடொன்றில் ஒருவன் காலில் செருப்பில்லாமல், மூக்கில் ஒரு துணியும் கட்டாமல், முதுகில் டாங்கியைப் போட்டுக்கொண்டு வயலுக்கு நஞ்சடித்தானாம். அந்த நெல்லைத்தான் எல்லாரும் சாப்பிடுகிறார்களாம். இவ்வளவையும் ஒல்லாந்து மொழியிலேயே சொன்னாள். நான் தமிழில் கேட்பதும் அவள் அந்த மொழியில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கே அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லையா, மம்மி?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சொல்லிக்குடுக்க ஆள் இருந்தது. அந்த ஆள் நான்தான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தக்காளித் தோட்டத்தில் இலை கிள்ளுகிற அம்மாவுக்கு இப்படியும் ஒரு பழங்கதையா என்கிற பார்வை. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விடும் பிலோ, பசிச்சாத் தின்னுவாள்" என்றார். அவள் தின்னவில்லை. பாணுக்குள் சீஸ் வைத்துத் தின்றாள். அவளுடைய பங்குச் சோற்றையும் கோபத்தோடு நானே சாப்பிட்டு முடித்தேன்.

அவளுக்குச் சொல்ல நினைத்து, அவளுடைய மொழி எனக்குப் போதாமல் விட்டதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்காவது பெரும்போகம் என்றால் என்ன, வரம்பு என்றால் என்ன என்று படம் கீறிக் காட்ட வேண்டியதில்லை.

2

நான் வேலை செய்கிற இடத்தைக் கண்ணாடித் தோட்டம் என்று சொல்லலாம். கூரையும் கண்ணாடி, சுவரும் கண்ணாடி. வெளியே பனி கொட்டுகிறபோது உள்ளே எங்களுக்கு வியர்க்கும். தக்காளிக் கொடிகள் நூலைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே ஏறி நிற்கும். தோட்டத்துக்காரர் பெயர் யான். நல்ல மனிதர், ஆனால் எனக்கு எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் விளங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் ஒருநாள் அவர் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன அட்டைகள் கொண்டுவந்தார். அட்டையில் மிளகுத்தூள் ஒட்டினதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அதற்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த குளவிகள் வெளியே வந்து வெள்ளை ஈயை அழிக்குமாம். மருந்தடித்தால் குளவியும் செத்துப்போகுமாம். ஆகவே எண்ணிப் பார்த்து, வேறு வழியில்லாவிட்டால் மட்டும்தான் அடிக்க வேண்டுமாம். இதைக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இதே பாடத்தை நான் சைக்கிளில் போய்ப் போய்ச் சொன்ன வயல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தால், 'எனக்கு முதலே தெரியும்' என்ற வசனத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டைகளைக் கொடிகளில் கொழுவித் தொங்கவிட்டேன்.

மருந்தடிக்கத்தான் வேண்டுமென்றால் அன்றைக்குக் கதவில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கும். எத்தனையாம் திகதி வரைக்கும் உள்ளே போகக்கூடாது, எத்தனையாம் திகதி வரைக்கும் பிடுங்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். யான் தானும் போகமாட்டார். இந்த ஒழுங்கைக் கண்டு நான் பொறாமைப்பட்டதுண்டு, மறைக்கத் தேவையில்லை.

நான் ஊரில் என்ன வேலை செய்தேன் என்பது இந்த நாட்டு அரசாங்கத்துக்கும் இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டாருக்கான பொலிஸ் கந்தோருக்குப் போய் முத்திரை குத்துவிக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர் என்று நான் விளக்கினதை முதல் வருடம் ஒரு பெண் தோட்டத் தொழிலாளி என்று பதிந்தாள். அடுத்த வருடம் வேறொருவர் ஆசிரியை என்று பதிந்துவிட்டு, ஆசிரியைக்கான சான்றிதழ் எங்கே என்று என்னையே கேட்டார். இப்போது நான் விளக்கப் போவதில்லை. 'வீட்டில் இருந்தேன்' என்கிறேன். எல்லாருக்கும் வேலை சுகம்.

அந்தக் கந்தோரில் என் மானம் போன கதையும் உண்டு. வந்த புதிதில், அலுவலகத்தை இவர்களும் கந்தோர் என்கிறார்கள், மேசை இழுப்பறையை இவர்களும் லாச்சி என்பதுபோலத்தான் சொல்கிறார்கள் என்று கண்டு எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஒல்லாந்தர் எங்கள் ஊரில் கோட்டையோடு விட்டுப்போன சொற்கள் இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு உதவுகின்றன என்று நினைத்து, அங்கிருந்த உத்தியோகத்தரிடம் மிக மரியாதையாகக் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மனிதருடைய காது வரைக்கும் சிவந்துவிட்டது. அந்தச் சொல்லை இந்தக் காலத்தில் குடிகாரர்தான் வாயில் எடுப்பார்கள் என்று பிறகு என் கணவர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

3

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் கிண்ணியாப் பக்கத்து வயல்களுக்குப் போதனாசிரியராக இருந்தேன். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் வேலை. காலையில் பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் போய், துறையில் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்கிற அந்தத் தட்டைப் படகில் ஆளோடு ஆளாக, மாட்டோடு மாடாக அக்கரை போவேன். அங்கே ஒரு கடையில் என் சைக்கிள் நிற்கும். அதை மிதித்தால் ஆலங்கேணிக்கு அப்பால் புளியடி வட்டை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. தமிழரும் முஸ்லிம்களும் வரம்புக்கு வரம்பு பக்கத்தில் செய்த வயல்கள்.

அந்த நாளில் மருந்தடிக்கிறது ஒரு பெருமையாகவே ஆகியிருந்தது. நெல் விதைத்து இத்தனையாம் கிழமை ஒரு அடி, பிறகு இன்னொரு அடி, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடி. அடிக்க அடிக்க, முன்பு பெரிதாகத் தலைகாட்டாத அறக்கொட்டிப் பூச்சி பெருகி, வயலை வட்டம் வட்டமாக எரித்தது. அந்தப் பூச்சியைத் தின்கிற சிலந்திகளையும் மருந்தே கொன்றுவிட்டது என்பதை நாங்கள் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். சிலந்தியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற மிஸ் என்று எனக்குப் பட்டமும் வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து மருந்துப் பாவனையைக் குறைக்கிற திட்டம் வந்தது. இறக்குமதிக்குக் காசில்லாத காலம். கமக்காரனுடைய உயிரைப் பற்றிய கவலையை விட டொலரைப் பற்றிய கவலைதான் அதற்குள் கூட இருந்தது என்று எனக்கு ஒரு எண்ணம். எதற்காக வந்தாலென்ன, நல்ல திட்டம். நாள் பார்த்து அடிக்காதே, பூச்சியை எண்ணிப் பார்த்து அடி. அறுவடைக்கு மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், இருக்கும்போதே எல்லாரும் நிறுத்து. அந்தக் கடைசி மருந்து நாளை ஒவ்வொரு வட்டையும் தன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிர்ச்செய்கைக் கூட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்றைக்கு வாய்க்கால் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று அதில் முடிவானால் அது முடிவு. புளியடி வட்டைக்கு வட்டவிதானையாகக் கமக்காரர் தெரிந்தெடுத்து வைத்திருந்தவர் கணபதிப்பிள்ளையர். தண்ணீர்ப் பங்கீட்டில் சொந்தத் தம்பிக்கும் ஒரு சொட்டுக் கூடக் கொடாத மனிதர். கையில் எப்போதும் குடை, மழைக்கு விரித்து நான் கண்டதில்லை. மனைவி இல்லை. வீட்டில் மகன் நடேசனும் மருமகள் சரோஜாவும். சரோஜாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த கையோடு தவறிவிட்டன. மூன்றாவது பெண் குழந்தை. அது நிலைத்துவிட்டது என்று ஊரே கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம்.

கூட்டத்தில் நான் திட்டத்தை விளக்கினேன். ஒரே சத்தம்.

"பால் கதிரில மூட்டுப்பூச்சி வந்து உறிஞ்சினா, மிஸ் வந்து விசிறியால கலைப்பாவோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

காதர் காக்கா எழும்பினார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், கணபதிப்பிள்ளையரின் வயலுக்கு அடுத்த வரம்புக்காரர். எதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கு எதிராகவே நிற்பதில் அவருக்கு ஒரு சுகம். "நான் இந்த முறை எண்ணிப் பாக்கப் போறன். எண்ணுறதுக்கு ஆரும் வரி கேக்கிறல்லதானே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கணபதிப்பிள்ளையர் குடையால் நிலத்தில் தட்டினார். "கதை காணும், நிப்பாட்டுங்கோ. அறுவடை எண்டைக்கு எண்டு வைச்சாச்சு. அதிலயிருந்து மூண்டு கிழமையைப் பின்னுக்கு எண்ணுங்கோ. அதுக்குப் பிறகு ஆரும் டாங்கியைத் தோளில போட்டா, அவன்ர வாய்க்காலை நான் அடைப்பன்."

அவ்வளவுதான். கடைசி மருந்து நாள் முடிவாகிவிட்டது.

4

நம்பமாட்டீர்கள், எல்லாரும் கேட்டார்கள். கடைசி நாளன்று வட்டை முழுக்கக் கல்யாண வீட்டுச் சந்தடி. அதுவரை சும்மா இருந்தவர்களும், நாளைக்கு அடிக்க ஏலாதாம் என்று பதறி அன்றைக்கே அடித்தார்கள். நடேசனும் அடித்தான். கதிர் பால் இறுகத் தொடங்கி நின்றது, மூட்டுப்பூச்சியும் இருந்தது. அவனைக் குறைசொல்ல இடமில்லை. மறுநாளிலிருந்து ஒரு டாங்கியின் சத்தமும் இல்லை.

காதர் காக்கா மட்டும் ஒரு தரமும் அடிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கி, நெற்பயிரைத் தட்டி, தண்ணீரில் விழுந்ததைக் குனிந்து பார்ப்பார். "மிஸ், இண்டைக்கு உங்கட சிலந்தியள் சுகமா இரிக்கிதுகள்" என்று தூரத்திலிருந்தே கத்துவார். அவருக்கு விளைச்சலில் கொஞ்சம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். கதிரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கந்தோருக்கு அறிக்கை எழுதினபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. சொன்னதை அப்படியே செய்த வட்டை என் வட்டை ஒன்றுதான்.

அடுத்த கிழமை கணபதிப்பிள்ளையர் என்னைக் கண்டு, "மிஸ், தைப்பூசத்துக்கு எங்கட வீட்டில புதிர். பேத்திக்கும் அண்டைக்குத்தான் முதல் சோறு தீத்துறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார். அவர் அப்படிச் சிரித்துக் கதைத்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

நான் வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் புதிர் எடுப்பதில்லை. பெரிய அறுவடைக்கு முன்னால், நல்ல நாள் பார்த்து, விளைந்து வருகிற வயலில் முதல் கதிர்களில் ஒரு பிடி வெட்டி, குற்றி, சமைத்து, வீட்டார் எல்லாரும் ஒரு வாய் சாப்பிடுவார்கள் என்று தெரியும். அழைப்பு வந்ததே என்று மகிழ்ந்து, குழந்தைக்குச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு போனேன்.

5

இந்த இடத்தில் யானுடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் துண்டு நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் அவருடைய மனைவி தக்காளியும் சலாதுக் கீரையும் வைத்திருக்கிறாள். அது வீட்டுப் பாவனைக்கு மட்டும். அதற்கு ஒரு துளி மருந்தும் படவிடமாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இது நாங்கள் சாப்பிடுவது அல்லவா?" என்றாள், நான் என்னவோ பைத்தியக்காரக் கேள்வி கேட்டதுபோல.

நான் அவளைப் பிழை சொல்ல வரவில்லை. அவர்கள் சட்டத்துக்குள்தான் நடக்கிறார்கள், சந்தைக்குப் போகிற பெட்டியைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. எங்கள் கமக்காரனுக்கு விற்கிற வயல் வேறு, தின்கிற வயல் வேறு என்று இல்லை. விளைந்ததை வேறு எவர் வாயிலும் வைக்க முன்னம் தன் பிள்ளையின் வாயில்தான் வைப்பான். ஷாமினியின் பள்ளிக்கூடப் படத்தில் செருப்பில்லாமல் நடந்த மனிதனும் அன்று மாலை வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்திருப்பான். அந்தப் பகுதியைப் படம் பிடித்திருக்கமாட்டார்கள்.

ஊரிலும் இப்போது பூச்சிமருந்துக்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறதாம், தம்பி எழுதியிருந்தான். நல்லது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு அந்தத் தைப்பூச நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

6

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் நிறைகுடம் வைத்து, பாய் விரித்து, உறவுகள் எல்லாம் கூடியிருந்தார்கள். காதர் காக்காவும் வெள்ளைச் சட்டையோடு வந்து ஒரு மரக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசல் நிலையில் மாவிலையோடு சேர்த்து ஒரு பிடி நெற்கதிர் கட்டித் தொங்கியது. பொன்னிறம். அதைப் பார்த்துக்கொண்டே குசினிக்குப் போனேன். சரோஜா உலையில் அரிசி போட்டுவிட்டு, குழந்தைக்கென்று கொஞ்சத்தைத் தனியாகச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வரவையில வெட்டினது, சரோஜா?" சும்மா ஒரு கதைக்குத்தான் கேட்டேன்.

"எங்கட மேட்டு வரவையில, மிஸ். அங்கதான் முந்தி விளையிறது."

அந்த மேட்டு வயல் துண்டுக்குக் கடைசி நாளில் நடேசன் மருந்தடிக்கிறபோது வரம்பில் நின்றவள் நான். மூன்று கிழமையில் பாதியும் கழியவில்லை. அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கிறது, எங்கள் கணக்கும் அதற்குத்தான். புதிரை ஒருவரும் கணக்கில் எடுக்கவேயில்லை. கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் வருடா வருடம் புதிர் எடுக்கிறவர்கள். அவர்களுக்கு அது அறுவடையில் சேர்த்தியில்லை. அது சாமி காரியம். கொழும்பில் திட்டம் எழுதினவர்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

என் முகத்தைப் பார்த்ததும் சரோஜாவின் கையில் சுளகு நின்றுவிட்டது.

"மருந்தோ, மிஸ்?"

"ஓம்."

"பிள்ளைக்கு என்ன செய்யும்?"

"எனக்குத் தெரியாது, சரோஜா. பெரியாக்களுக்கு ஒரு வாயில ஒண்டும் செய்யாமலும் விடலாம். எட்டு மாசப் பிள்ளைக்கு என்ன செய்யும் எண்டு எங்களுக்குத் தந்த கடதாசி ஒண்டிலயும் இல்லை."

அது உண்மை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். சுளகைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"மாமா, இந்த அரிசி பிள்ளைக்கு வேண்டாம். மருந்தடிச்ச வரவையில வெட்டினது."

மாமனாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு வசனம் பேசாத பெண் அவள். கணபதிப்பிள்ளையர் முதலில் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மிஸ், நீங்கள் சொன்ன நாளிலதானே நிப்பாட்டினனாங்கள்? என்ர வட்டையில ஒருத்தன் தாண்டி அடிச்சவனோ?"

"இல்லை ஐயா. ஒருத்தரும் தாண்டேல்லை. ஆனா நாங்கள் நாளை எண்ணினது அறுவடைக்கு. புதிரை ஒருத்தரும் நினைக்கேல்லை."

"புதிர் என்ன அறுவடையோ? ஒரு பிடிக் கதிர். அது…" அவர் திரும்பினார். வாசலில் தொங்கின கதிர்களைப் பார்த்தார். அவர் மனதில் நாட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

நேரம் போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பழைய நெல்லரிசியில் பிள்ளைக்கு ஒரு வாய் தீத்திவிட்டால் போகிறது என்றார் ஒரு கிழவர். அதற்கும் சரோஜா மாட்டேன் என்றாள்.

"என்ர மற்ற ரெண்டுக்கும் சோறு தீத்த எனக்குக் குடுத்து வைக்கேல்லை. இவளுக்குப் புது நெல்லுத்தான் தீத்துவன். காதர் காக்காவின்ர வயலும் விளைஞ்சுதானே கிடக்கு. அவர் ஒருக்காலும் அடிக்கேல்லை."

எல்லாரும் காதர் காக்காவைப் பார்த்தார்கள். எப்போதும் எதிர்க்கதை கதைக்கிற மனிதர், அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கென்ன மகள், ஒரு பிடியில்ல, ஒரு கட்டே வெட்டித் தாறன். அண்ணன் சொல்லட்டும்."

"மற்றவன்ர வயல் கதிர் எப்பிடிக் காக்கா எங்கட புதிராகும்?" கணபதிப்பிள்ளையரின் குரலில் கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். குழந்தை அவருடைய சால்வைத் தொங்கலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அவர் அதை மெதுவாக விடுவித்தார். பிறகு உள்ளே போய், காலையில் தன் கதிர்களை வெட்டின அரிவாளையே எடுத்துக்கொண்டு வந்து காதர் காக்காவின் கையில் கொடுத்தார்.

"வெட்டிக்கொண்டு வாங்கோ காக்கா. சுணங்காதேங்கோ."

நடேசன் சைக்கிளை மிதிக்க, காதர் காக்கா பின்னால் இருந்து போனார். திரும்பி வரும்போது கதிர்களைத் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சுற்றி, பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார். பெண்கள் உமி நீக்கி, சின்னப் பானையில் பொங்கினார்கள். சரோஜா தன் கையால் மசித்து முதல் வாயைத் தீத்தினாள். குழந்தை முகத்தைச் சுளித்து, முழுவதையும் அவள் சேலையில் துப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வாயை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க நான் முயலவில்லை.

அந்தச் சந்தோசத்தில் ஒருவரும் கணபதிப்பிள்ளையரைக் கவனிக்கவில்லை. அவர் குசினிக்குப் போய், முதலில் உலையேற்றி இறக்கிய சோற்றைத் தானே ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து பாயில் இருந்தார். தன்னுடைய வயல் சோறு.

"ஐயா, அது வேண்டாம்" என்றேன்.

"புதிரை எறியேலாது, மிஸ். நான் விதைச்சது, நான் நாள் வைச்சது. என்ர அப்பு காலத்திலயிருந்து இந்த முற்றத்தில புதிர் தின்னாத வருசமில்லை. நான் ஒருத்தன் தின்னுறன். நீங்கள் எல்லாரும் காக்காவின்ர வயல் சோத்தைத் தின்னுங்கோ."

அவர் சோற்றை உருட்டிக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். சரோஜா குழந்தையை என்னிடம் தந்துவிட்டு வந்து, அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கோப்பைக்கு மேல் தன் கையை வைத்து மூடினாள்.

"வேண்டாம் மாமா. நீங்களும் எங்களுக்கு வேணும்."

அவர் அவள் கையை மெதுவாக விலக்கினார். உருண்டையைத் திரும்பக் கோப்பையில் போட்டார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழும்பி, அந்தச் சோற்றையும் வாசலில் கட்டின கதிர்களையும் தானே வளவின் மூலையில் குழி தோண்டித் தாட்டார். எறியவில்லை. தாட்டார். வந்து கை கழுவிவிட்டு, காதர் காக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய வயல் சோற்றில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் பாதைப் படகுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டபோது சரோஜா வேலிப் படலை வரைக்கும் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மிஸ், நாள் வைக்கிற கூட்டத்துக்கு ஏன் எங்களை ஒருத்தரும் கூப்பிடுறதில்லை? புதிர் எடுக்கிறதும் நாங்கள், சமைக்கிறதும் நாங்கள், பிள்ளையளுக்குத் தீத்துறதும் நாங்கள். கேட்டிருந்தால் நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்" என்றாள்.

அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் நான் கொழும்புக்கு எழுதினேன், கடைசி மருந்து நாளைப் புதிரிலிருந்து எண்ண வேண்டும் என்று. புதிர் என்பது எந்த நெல்லினம், அதன் வயது எத்தனை மாதம் என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. நான் மேற்கொண்டு எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டம் தொடங்குகிற நேரம் சரோஜா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், காதர் காக்காவின் மனைவியும் ஒருத்தி. உட்காரப் போட்ட கதிரைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கணபதிப்பிள்ளையர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பி, வட்டவிதானையின் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "இனி நாளைச் சொல்லு பிள்ளை" என்று சுவரோடு போய் நின்றார்.